ராத்திரில கேமரா ஃபோகஸ் ஆகலையா? இப்படி பண்ணி பாருங்க

நட்சத்திரங்கள படம் எடுக்க ட்ரைபாட், மேனுவல் மோடு எல்லாம் உங்களுக்கு தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா ஃபோகஸுக்கு வரேன். ஆட்டோஃபோகஸுக்கு வெளிச்சமும் கான்ட்ராஸ்ட்டும் வேணும், ராத்திரி வானத்துல ரெண்டுமே கம்மி, அதான் லென்ஸ் அங்கயும் இங்கயும் ஓடிட்டு கடைசில ஷட்டர் விழாமலே நின்னுடுது.

1. லென்ஸ் ஸ்விட்ச்ச எம்எஃப்ல (மேனுவல் ஃபோகஸ், அதாவது கையால ஃபோகஸ் வைக்கறது) போடுங்க, ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்த சரி பண்றது) ஆஃப். எந்த ஜூம்ல எடுக்கப்போறீங்களோ அத இப்பவே வச்சிடுங்க. 18-55 கிட் லென்ஸ்ல பின்னாடி ஜூம தொட்டா ஃபோகஸும் நகர்ந்துடும்.

2. அப்பர்ச்சர (லென்ஸ்ல வெளிச்சம் வர்ற துவாரம்) முழுசா திறங்க, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 3200, லைவ் வியூ (பின்னாடி ஸ்க்ரீன்ல நேரடியா பாக்கறது) ஆன். பளிச்சுனு இருக்குற ஒரு நட்சத்திரத்த நடுவுல கொண்டுவாங்க. பிப்ரவரி, மார்ச்னா இருட்டினதும் சிரியஸ் நல்லா மேல இருக்கும். வியாழன் கண்ணுல பட்டா இன்னும் வசதி.

3. பூதக்கண்ணாடி பட்டன அமுக்கி 10 மடங்கு பெருசாக்குங்க. நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான், ஸ்க்ரீன் முழுக்க கருப்பா இருக்கும், கேமரா ரிப்பேர்னு கூட தோணும். ஒன்னும் இல்ல, ஃபோகஸ் ரொம்ப விலகி இருந்தா நட்சத்திரம் பரவி மங்கி காணாமலே போயிடும். தூரத்துல ஒரு தெருவிளக்கு இருந்தா முதல்ல அதுல ஃபோகஸ் வச்சிட்டு வானத்துக்கு திருப்புங்க, இப்ப வெளிறின வட்டமா ஒன்னு தெரியும். லென்ஸ்ல இருக்குற ஃபோகஸ் ரிங்க மெதுவா திருப்புனா வட்டம் சுருங்கி புள்ளியாகும், இன்னும் திருப்புனா ஓரத்துல கலர் அடிச்சு திரும்ப பெருக்கும். வேணும்னே கொஞ்சம் தாண்டிப் போயிட்டு திரும்பி வாங்க, அப்பதான் நடு இடம் பிடிபடும். பக்கத்துல அதுவரைக்கும் இல்லாத குட்டி நட்சத்திரங்கள் எட்டிப்பாக்குதா, அதான் சரியான இடம். லென்ஸ்ல இருக்குற ∞ குறிய நம்பாதீங்க, சூட்டுக்கும் குளிருக்கும் ஃபோகஸ் மாறும்ங்கறதால நிறைய லென்ஸ் அத தாண்டியும் திரும்பும்.

4. ரிங்க டேப் போட்டு ஒட்டிடுங்க. செலோடேப் வேணாம், பனில வழுக்கும், பிசுபிசுப்பு வேற. எனக்கு மாஸ்கிங் டேப்தான் பிடிக்கும்.

5. ஒரு 15 செகண்ட் ஷாட் எடுத்து, ப்ளேபேக்ல பெருசாக்கி பாருங்க. ராத்திரி ஏற ஏற குளிரும், நடுவுல மறுபடியும் செக் பண்ணுங்க.

அப்டேட்: மிரர்லெஸ்ல (உள்ள கண்ணாடி இல்லாத கேமரா) ஃபோகஸ் நிக்கவே மாட்டேங்குதுன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. அந்த லென்ஸ் பலதுல ரிங் மோட்டார் வழியாத்தான் வேலை செய்யும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழைய இடம் போயிடும். மெனுல ஃபோகஸ் நினைவு ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணுங்க, இல்லனா ஃபோகஸ் வச்ச பிறகு ஆஃப் பண்ணாதீங்க.

முன்னாடி மரம், பாறை வேணும்னா டார்ச் அடிச்சு அதுக்கு தனியா ஒரு ஷாட் எடுத்து பின்னாடி சேத்துக்கறதுதான் என் வழி. ஒரே ஷாட்டுதான்னா, ஏபிஎஸ்-சி கேமரால (சென்சார் ஃபுல் ஃப்ரேம விட சின்னதா இருக்கும்) 18 எம்எம் ஜூம், எஃப்/3.5 அப்பர்ச்சர்ல சுமார் 5 மீட்டர்ல ஃபோகஸ் வைங்க, இரண்டரை மீட்டர்ல இருந்து வானம் வரைக்கும் ஓரளவு ஷார்ப்பா வரும், நட்சத்திரம் மட்டும் லேசா மெத்துனு இருக்கும். ஜவ்வாது மலைல காவலூர் பக்கம் எடுக்கறவங்க டார்ச்ச தரைய பாத்தே அடிங்க, அங்க அப்சர்வேட்டரி இருக்கு.