ஏசியா, டிசியா: மல்டிமீட்டரை வைப்பதற்கு முன்

பிளக் பாயிண்டில் வருவது மாறுதிசை மின்னோட்டம், அதாவது ஏசி. இன்வெர்ட்டர் பேட்டரியும் மொட்டைமாடி சோலார் பேனலும் தருவது நேர்திசை மின்னோட்டம், அதாவது டிசி. பேட்டரியின் நேர்முனை எந்நேரமும் நேர்முனைதான். நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமோ நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. 230 என்பது அதன் பயனுறு மதிப்பு (ஏறி இறங்கும் வோல்ட்டுக்கு ஒருவகைச் சராசரி) மட்டுமே, உச்சத்தில் அது ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடும்.

மீட்டரைத் தேடுவதற்கு முன் அடாப்டரின் முதுகைப் படியுங்கள். இன்புட் வரியில் வோல்ட் எண்ணுக்கு அருகே சிறு அலைக்கோடு இருந்தால் ஏசி. அவுட்புட் வரியில் ஒரு நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு மூன்று சிறு கோடுகளும் இருந்தால் டிசி. அவுட்புட்டிலும் அலைக்கோடே உள்ள அடாப்டர்கள் சில உண்டு. அவற்றின் வயர் முனையிலுள்ள பின் (pin) பொருந்துகிறது, 12 வோல்ட் என்றும் எழுதியிருக்கிறது என்பதற்காக டிசி கேட்கும் ரௌட்டரில் செருகினால், ரௌட்டர் பழுதாகலாம். டிசி அடாப்டராகவே இருந்தாலும், பின்னின் நடுப்பகுதி நேர்முனையா எதிர்முனையா என்று காட்டும் வட்டக் குறியையும் ஒத்துப் பாருங்கள்.

மல்டிமீட்டரில் கறுப்பு வயர் காம் (COM) துளையிலும், சிவப்பு வயர் வோல்ட் துளையிலும் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் துளையில் சிவப்பு வயரை விட்டுவிட்டு பிளக் பாயிண்டைத் தொடுவது ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம். அடுத்து, குமிழை அலைக்கோடு உள்ள வோல்ட் பகுதியில் மிக உயர்ந்த அளவில் வையுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குமிழ் டிசியில் இருக்கும்போது ஏசியை அளந்தால், இரு திசைகளும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் திரையில் பூஜ்யத்தை ஒட்டிய எண்தான் தெரியும். கரண்ட் இல்லை என்று நம்பி வயரைத் தொடுபவர் உயிரையே இழக்கலாம். ஆகவே, கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பாயிண்டில் முதலில் மீட்டரைச் சோதித்து, பிறகு வேண்டிய இடத்தில் அளந்து, மீண்டும் முதல் பாயிண்டில் சரிபாருங்கள். மாறாக, ஏசி அளவில் 12 வோல்ட் பேட்டரியை அளந்தால், விலை குறைந்த சில மீட்டர்கள் இரு மடங்குக்கும் மேலாகக் காட்டும்; வயர்களை மாற்றி வைத்தால் பூஜ்யம் காட்டும்.

சுவிட்சிலும், கரண்ட் அளவுக்கு மீறினால் தானாகத் துண்டிக்கும் எம்சிபியிலும் (MCB) இந்த வேறுபாடு இன்னும் கடுமையானது. ஏசி ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் ஒரு கணம் பூஜ்யத்தைக் கடப்பதால், தொடுமுனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடுகிறது. டிசியில் அந்த இடைவெளியே கிடையாது. சோலார் பேனல் வயரில் வீட்டு எம்சிபி ஒன்றை நான் ஒருமுறை பொருத்திவிட்டு, பிற்பாடு கழற்றிப் பார்த்தபோது அதன் உள்முனை கருகி உருகியிருந்தது. டிசி என்றும், பேனல்களின் மொத்த வோல்ட்டுக்கு மேற்பட்ட அளவும் அச்சிடப்பட்ட எம்சிபியையே வாங்குங்கள். வெயில் இருக்கும்வரை பேனல் வயரில் வோல்ட் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், சுமை ஓடும்போது இணைப்பைக் கையால் பிடுங்காதீர்கள்.

ஆம்பியர் அளக்க கிளாம்ப் மீட்டர் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மின்மாற்றியின் தத்துவத்தில் இயங்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசியை மட்டுமே உணரும். பேட்டரி வயரைச் சுற்றிப் பிடித்தால், அதில் 40 ஆம்பியர் ஓடினாலும் பூஜ்யமே காட்டும். ஆம்பியர் அளவுக்கு அருகிலும் அந்த நேர்கோட்டுக் குறி இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.