திரையில்லாத மேசைக் கணினியை மடிக்கணினியிலிருந்து இயக்குவது எப்படி

என் தங்கை மகன் தேசிய சேவைக்குச் சென்ற இரண்டாவது மாதத்தில், சிங்கப்பூரின் செங்காங்கில் உள்ள எங்கள் நான்கறை வீட்டில் அவன் விட்டுச் சென்ற மேசைக் கணினியின் திரை ஒரேயடியாக இருண்டுவிட்டது. கணினியில் ஒரு குறையும் இல்லை. விசிறி சுழன்றது, முன்பக்க விளக்கு எரிந்தது. குடும்பப் படங்கள் அத்தனையும் என் மொழிபெயர்ப்புக் கோப்புகளும் அதற்குள்தான் இருந்தன. வார இறுதியில் வீட்டுக்கு வந்தவன் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு, "புது மானிட்டர் எதுக்கு மாமா? உங்க லேப்டாப்லயும் எச்டிஎம்ஐ இருக்கு, இதுலயும் இருக்கு. நடுவுல ஒரு கேபிள் போட்டா போதாதா?" என்று கேட்டான்.

போதாது. மடிக்கணினியில் உள்ள எச்டிஎம்ஐ துளை, மிகச் சில மாதிரிகளைத் தவிர, படத்தை வெளியே அனுப்ப மட்டுமே அமைக்கப்பட்டது. இரண்டு குழாய்களை வாயோடு வாய் பொருத்தினால் குடம் நிரம்பாது என்பதைப் போல, இரண்டு வெளியீடுகளைக் கேபிளால் இணைத்தாலும் எந்தப் பக்கமும் படம் தோன்றாது. மடிக்கணினியைத் திரையாகப் பயன்படுத்த இரண்டு வழிகள் உள்ளன: வீட்டு நெட்வொர்க் வழியாக மேசைக் கணினிக்குள் நுழைவது ஒன்று, அதன் எச்டிஎம்ஐ படத்தை யுஎஸ்பி வழியாக வாங்கிக் காட்டும் சிறு கருவியைப் பொருத்துவது மற்றொன்று. அன்றாட வேலைக்கு முதல் வழியே சிறந்தது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு: தொலைவிலிருந்து இயக்கும் எந்த மென்பொருளும் விண்டோஸோ லினக்ஸோ முழுமையாக எழுந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். அதற்கு முன் கணினி ஏதாவது கேள்வி கேட்டு நின்றுவிட்டால், நெட்வொர்க்கில் எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. ஆகவே திரையில்லாமல் இயக்குவதற்கான வேலையில் பெரும்பகுதியை, ஏதோ ஒரு திரை கைவசம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

தொலைக்காட்சியோடு ஒரு மாலை

அந்தத் திரை வரவேற்பறையிலேயே இருக்கிறது. மேசைக் கணினியைத் தொலைக்காட்சிக்கு அருகே கொண்டுவந்து, விசைப்பலகை, மவுஸ், எச்டிஎம்ஐ கேபிள் ஆகியவற்றைப் பொருத்துங்கள். தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியாயின், கேபிளை அந்த அட்டையில் உள்ள துளையில் செருக வேண்டும். மேலே மதர்போர்டில் உள்ள துளையில் செருகினால் பல கணினிகளில் படமே வராது. திரை பழுது என்று எண்ணி நல்ல கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில், விண்டோஸ் எழுவதற்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் செல்ல வேண்டும். கணினியை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருப்பது வழக்கம். ஆனால் தொலைக்காட்சி எச்டிஎம்ஐ படத்தைப் பிடித்துக் காட்டச் சில விநாடிகள் எடுத்துக்கொள்வதால், தொடக்கப் பக்கம் கண்ணில் படுவதற்குள் கடந்துவிடும். அப்படியானால் விண்டோஸ் எழுந்தபின், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் என்பதைத் தேர்ந்து, அடுத்து வரும் நீலப் பக்கத்தில் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் அமைப்புகள் என்ற பெயரில் இருக்கும் அதே பயாஸுக்குச் செல்லலாம்.

உள்ளே நுழைவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் செய்யும் சில மாற்றங்களுக்குப் பிறகு கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். அந்தச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரை இருக்கும்போது இது இரண்டு நிமிட வேலை. திரை இல்லாதபோது, பெட்டி ஏன் அசையாமல் நிற்கிறது என்று தெரியாமல் ஒரு நாளே போய்விடும்.

பயாஸில் மூன்று இடங்களைத் தேடுங்கள். மின்சாரம் நின்று திரும்பும்போது கணினி தானாக எழவேண்டுமா என்று கேட்கும் அமைப்பு பெரும்பாலும் "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" என்ற பெயரில் இருக்கும். அதை "பவர் ஆன்" என்று மாற்றுங்கள். விசைப்பலகை இல்லாவிட்டால் நின்றுவிடும் வழக்கம் பழைய மதர்போர்டுகளில் உண்டு. "ஹால்ட் ஆன்" என்ற வரி இருந்தால் அதில் "நோ எரர்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவதாக, நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் "வேக் ஆன் லேன்" வசதியை இயக்குங்கள். "இஆர்பி" என்ற மின்சேமிப்பு இயங்கினால் இது வேலை செய்யாது என்பதால், அதை அணைத்துவிடுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்

விண்டோஸ் புரோ பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப் என்னும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து நுழையவிடும் அந்த வசதி இல்லை. உங்களுடையது எது என்பது அமைப்புகளில் சிஸ்டம், அபவுட் என்ற பக்கத்தில் தெரியும். புரோவாக இருந்தால், அதே சிஸ்டம் பகுதியில் ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கி, அங்கே காட்டப்படும் கணினியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சார அமைப்பில் உறக்கத்தை "நெவர்" என்று வையுங்கள். உறங்கிவிட்ட கணினி அழைப்புக்குப் பதில் சொல்லாது.

பலர் இடறி விழும் இடம் கடவுச்சொல்தான். அன்றாடம் நான்கு இலக்கப் பின் எண்ணைத் தட்டி உள்ளே நுழைந்து பழகியவர்கள், தொலைவிலிருந்தும் அதையே கொடுத்துப் பார்த்துவிட்டு, கணினி தங்களை ஏற்க மறுக்கிறது என்று குழம்புகிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப் பின் எண்ணை ஏற்காது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லையே கேட்கும், கடவுச்சொல் இல்லாத கணக்கையும் அனுமதிக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்காயின், விண்டோஸ் ஹெல்லோ வழி மட்டுமே நுழையலாம் என்ற தேர்வை அணைத்துவிட்டு, தொலைக்காட்சித் திரை இருக்கும்போதே ஒருமுறை கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து உள்ளே நுழைந்துவிடுங்கள். நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தது இங்கேதான்.

அடுத்தது முகவரி. ரூட்டர் தன்னிடம் இணையும் கருவிகளுக்கு அவ்வப்போது வேறு வேறு முகவரிகளைக் கொடுக்கலாம் என்பதால், ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் மேசைக் கணினிக்கு 192.168.1.50 போன்ற ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது நல்லது. இனி மடிக்கணினியில் "ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்" என்பதைத் திறந்து, அந்த முகவரியையும் பயனர் பெயரையும் கொடுத்தால் மேசைக் கணினி உங்கள் முன் விரியும். மேக் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் "விண்டோஸ் ஆப்" செயலியைப் பயன்படுத்தலாம். மடிக்கணினி விருந்தினர் வைஃபையில் இருந்தால் மேசைக் கணினி கண்ணுக்குத் தெரியாது; இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கு ஒரு குறிப்பு. தமிழ்99 விசைப்பலகை மேசைக் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். மடிக்கணினியை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் முழுத்திரையில் இருக்கும்போது விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மேசைக் கணினியின் மொழி மாறும். சிறு சாளரமாக இருக்கும்போது அதே விசைகள் மடிக்கணினியின் மொழியை மாற்றும். இது தெரியாமல், "அம்மா" என்று தட்டிவிட்டுத் திரையில் ஆங்கில எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது சோதனை. தொலைக்காட்சி இணைப்பில் இருக்கும்போதே கணினியை ரீஸ்டார்ட் செய்து, எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் காத்திருந்து, மடிக்கணினியிலிருந்து நுழைந்து பாருங்கள். பிறகு கணினியை அணைத்து எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் கழற்றி மீண்டும் இயக்கி நுழையுங்கள். கடைசியாக விசைப்பலகையையும் மவுஸையும் கழற்றிவிட்டு அதையே செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால், எது இல்லாததால் கணினி நின்றது என்று தெரியாமல் போய்விடும்.

ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்கள்

தொலைவிலிருந்து இயக்க உதவும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப், ரஸ்ட்டெஸ்க், எனிடெஸ்க் ஆகிய செயலிகள் ஹோம் பதிப்பிலும் இயங்கும். கணினி எழுந்தவுடன், யாரும் உள்நுழைவதற்கு முன்பே தொடங்கும்படி இவற்றை முறையாக நிறுவி, நிலையான கடவுச்சொல்லும் வைக்க வேண்டும். ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் உங்கள் மடிக்கணினியின் அளவுக்கு ஏற்ற தனித் திரையைத் தானே உருவாக்கிக்கொள்கிறது, இவையோ உண்மையான திரையில் இருப்பதைப் படியெடுத்து அனுப்புகின்றன. திரையே இல்லாதபோது படியெடுக்க ஒன்றுமில்லை என்பதால், கருப்புப் பக்கமோ மிகச் சிறிய படமோ மட்டும் வரலாம். இதற்குத் தீர்வு எச்டிஎம்ஐ டம்மி பிளக். கட்டைவிரல் அளவேயுள்ள அந்தச் செருகி, திரை ஒன்று இணைந்திருப்பதாகக் கிராஃபிக்ஸ் அட்டையை நம்பவைக்கிறது. சிம் லிம் ஸ்குவேரில் நான் எட்டு வெள்ளிக்கு வாங்கினேன். விளையாட்டுப் படத்தை நெட்வொர்க் வழியாக அனுப்பும் சன்ஷைன், அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் ஆகிய இணைச் செயலிகள் வழியாக விளையாட விரும்புவோர்க்கும் இது தேவைப்படும்.

லினக்ஸ் வகையான உபுண்டு வைத்திருப்பவர்கள், தொலைவிலிருந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்ய உதவும் எஸ்எஸ்எச் சேவையை முதலில் நிறுவிவிட வேண்டும். அது இருந்தால் கட்டளை வரி வழியாகப் பெரும்பாலான சிக்கல்களைச் சரிசெய்துவிடலாம். 24.04 பதிப்பிலிருந்து, திரையின்றியே வரைகலை முகப்பில் நுழையும் "ரிமோட் லாகின்" வசதியும் அமைப்புகளில் உள்ளது.

பெட்டியை எங்கே வைப்பது

திரை இல்லாத பெட்டிக்கு மேசை தேவையில்லை என்றதும், நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும் முதல் இடம், வீட்டுக்குள் உள்ள பாம் ஷெல்டர் என்னும் காப்பறை. அங்கே வைக்காதீர்கள். காப்பறையின் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபை அலையைப் பெரிதும் தடுத்துவிடும். கதவை மூடினால் வெப்பமும் உள்ளேயே தங்கும். ரூட்டருக்கு அருகிலேயே, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, நெட்வொர்க் கேபிளால் இணைப்பதே சரி. வேக் ஆன் லேன் நம்பகமாக வேலை செய்யவும் கேபிள்தான் வேண்டும். மடிக்கணினி அனுப்பும் 102 பைட் செய்தியில், ஆறு முறை ஒரே குறியும் அதைத் தொடர்ந்து பதினாறு முறை மேசைக் கணினியின் நெட்வொர்க் அட்டைக்குரிய தனி எண்ணான மேக் முகவரியும் இருக்கும். அணைந்திருக்கும் கணினியின் நெட்வொர்க் அட்டை அதை அடையாளம் கண்டு கணினியை எழுப்பிவிடும். விண்டோஸில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" இயங்கினால் பல கணினிகள் எழுவதில்லை, அதை அணைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வெளியிலிருந்து

நூலகத்தில் அமர்ந்தபடி வீட்டுக் கணினிக்குள் நுழைய விரும்புவோர், ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் நுழைவாயிலான 3389 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடும்படி சொல்லும் பழைய அறிவுரையைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். 2019 மே மாதத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, 2014லேயே ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. டெயில்ஸ்கேல் போன்ற தனியார் வலையை இரண்டு கணினிகளிலும் நிறுவுவதே பாதுகாப்பானது. அது 100 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தரும், அந்த முகவரியை ரிமோட் டெஸ்க்டாப்பில் கொடுத்தால் போதும். மேசைக் கணினியில் அதன் "ரன் அன்அட்டெண்டட்" தேர்வை இயக்குங்கள். இல்லையேல் யாரும் உள்நுழையாத நிலையில் வலை எழாது. டெயில்ஸ்கேல் சாவியின் காலாவதியையும் அந்தக் கணினிக்கு நிறுத்திவையுங்கள். இயல்பான 180 நாள் முடிந்ததும் கணினி வலையிலிருந்து விலகிவிடும். அது பெரும்பாலும் நீங்கள் வெளியூரில் இருக்கும்போதுதான் தெரியவரும்.

எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லியோ, அதன் எண்ணைக் கேட்டோ யாராவது தொலைபேசியில் அழைத்தால், வங்கி என்றாலும் காவல்துறை என்றாலும் கொடுக்காதீர்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். ஐயம் எழுந்தால் மோசடித் தடுப்பு உதவிச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் 1799 எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

கணினி எழவே இல்லையென்றால்

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் கணினி நெட்வொர்க்கில் தென்படாமல் போகலாம். அப்போது உதவுவது, தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது வழியான எச்டிஎம்ஐ கேப்சர் கருவி. அதன் ஒரு முனையை மேசைக் கணினியின் எச்டிஎம்ஐயில் இணைத்து, மறுமுனையை மடிக்கணினியின் யுஎஸ்பியில் செருகினால், மடிக்கணினி அதை ஒரு வெப்கேமராவாக எண்ணிக்கொள்ளும். ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற படப்பதிவுச் செயலியில் அந்தக் கேமராவைத் தேர்ந்தெடுத்தால், பயாஸ் பக்கம் உட்பட மேசைக் கணினி காட்டும் அனைத்தும் தெரியும். அசைவுகள் சற்றே தாமதமாகத் தெரியும் என்பதால் அன்றாட வேலைக்கு ஏற்றதல்ல. கருவி படத்தை மட்டுமே கொண்டுவரும், விசைகளைக் கொண்டுசெல்லாது. ஆகவே பழைய யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றையும், மீட்புச் சாவி எழுதிய தாளையும் கேப்சர் கருவியோடு ஒரே பையில் போட்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.