சேர்வராயனைச் சின்ன மலை என்று நினைப்பவர்களுக்கு

சேர்வராயன் மலையில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் புதியவர்கள் அல்ல. புதியவர் பயந்து பாதையிலேயே நடப்பார். இமயத்தில் பனி மிதித்துவிட்டு வந்தவர்தான், "மேலே போனால் டீக்கடை, இதெல்லாம் ஒரு மலையா?" என்று ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்புவார்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், மலைமேல் இருக்கும் ஏற்காடு 1,500. அடிவாரத்திலிருந்து நடந்தால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் என்பது நைஸ்மித் கணக்கு. அது 1892-ல் ஸ்காட்லாந்துக்காரர் போட்டது. கீழ்ச்சரிவில் இருப்பது நிழல் தராத முட்காடு. நம் வெயிலுக்கு அந்தக் கணக்கை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

பெரிய தவறு இறங்கும்போதுதான் நடக்கும். வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படி இறங்கினேன். முதலில் ஆளுயரப் பாறை. உட்கார்ந்து வழுக்கி இறங்கிவிட்டேன். அடுத்தது இரண்டு ஆள் உயரம். வேரைப் பிடித்துத் தொங்கிக் குதித்தேன். மூன்றாவதில் எட்டிப் பார்த்தால் கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. இறங்க வழியில்லை, குதித்த இடத்தில் திரும்ப ஏறவும் முடியவில்லை. பக்கவாட்டில் உண்ணிச்செடிப் புதரைக் கிழித்துக்கொண்டு வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது. மேலே ஊரில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்: "தண்ணி குதிச்சிரும் தம்பி, நீ குதிப்பியா?" கிளியூர் அருவியும் அப்படிக் குதிக்கிற ஓடைதானே. திரும்ப ஏற முடியாத இடத்தில் இறங்காதீர்கள். வழி தவறினால், கடைசியாகப் பாதை தெரிந்த இடத்துக்கே ஏறிப் போங்கள், கால் எவ்வளவு கெஞ்சினாலும்.

பாறையில் கறுப்பாகப் படிந்திருப்பது காய்ந்த பாசி. வெயிலில் உப்புத்தாள் போல ஷூவைப் பிடித்துக்கொள்ளும். நாலு தூறல் விழுந்தால் சோப்பு. கோடை மழை இங்கே பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இடியோடு வரும். அதனால் காலையில் சுலபமாக ஏறிய பாறையில் மாலையிலும் இறங்கலாம் என்று நம்ப வேண்டாம்.

பிப்ரவரி தொடங்கி மே வரை புல் சருகாகிவிடும். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். மேலே ஏறித் தப்பலாம் என்பது நடக்காது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் புல்சரிவு வேண்டாம், காட்டுக்குள் அடுப்பு எந்த மாதத்திலும் வேண்டாம்.

காட்டெருமையைப் பார்த்தால் செல்ஃபி எடுக்காமல் ஒதுங்குங்கள். தனியாக நிற்கும் கடாவாக இருந்தால் இன்னும் தள்ளி.

அப்புறம், அனுமதி. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2024-ல் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் இந்த மலையின் கொண்டப்பநாயக்கன்பட்டி–குண்டூர் பாதையும் இருக்கிறது, வழிகாட்டியும் கூட வருவார். 'நமக்கெதுக்கு வழிகாட்டி' என்று நானும் சொன்னவன்தான், அந்த ஓடைக்கு முன்பு.

மேலே போய்ச் சேர்ந்ததும் முழங்கால் நடுங்குகிறதா? ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குப் பேருந்து இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இறங்கலாம். நான் இரண்டு முறை அப்படித்தான் இறங்கினேன்.