மூக்கு அலர்ஜிக்கு மார்க் போடுவது எப்படி?
"தும்மல் ரொம்ப ஜாஸ்தி டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. மூக்கொழுகல், அடைப்பு, அரிப்பு, தும்மல் நான்குக்கும் தினமும் இரவில் 0 முதல் 3 வரை மார்க் போடுங்கள். 0 என்றால் தொந்தரவே இல்லை, 1 லேசு, 2 தொல்லைதான் ஆனால் சமாளிக்கலாம், 3 என்றால் தூக்கமோ வேலையோ கெடுகிறது, ஆக மொத்தம் 12க்கு எவ்வளவு என்று வந்துவிடும். மாத்திரை போட்ட நாளையும் குறியுங்கள், இல்லாவிட்டால் குறைந்த மார்க் ஏமாற்றிவிடும்.

அடுத்தது, உங்களுக்கு எது முக்கியம், எது ஒத்துவரவில்லை என்பது. இதை யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்: நான்கில் எது முதலில் போக வேண்டும், மாத்திரை தூக்கம் தருகிறதா, ஸ்ப்ரே தொண்டையில் இறங்கிக் கசக்கிறதா. கசப்பைச் சொன்னால் ஸ்ப்ரேயை மாற்றிப் பார்க்கலாம். சொல்லாமல் நிறுத்தினால் மருந்து பலிக்கவில்லை என்றே டாக்டர் நினைப்பார்.