கும்பகோணத்துக்கு இரண்டாவது தடவை போகிறவர்களுக்கு

முதல் தடவை எப்படி வந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் வேன், திங்களூரில் ஆரம்பம், ஒன்பது நவக்கிரகக் கோயில், ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம், டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க செருப்பைத் தேடிக்கொண்டு ஓட்டம், ராத்திரி திருநள்ளாற்றில் முடிவு. அந்தச் சுற்றில் கும்பகோணம் என்பது நீங்கள் தூங்கிய லாட்ஜ், அவ்வளவுதான். நான் மயிலாடுதுறைக்காரன், சொந்தக்காரர்களை இப்படி எத்தனையோ தடவை வேனில் ஏற்றி அனுப்பிய பாவம் எனக்கும் உண்டு. இரண்டாவது தடவை வருவதாக இருந்தால் வேனை மறந்துவிடுங்கள். ரயிலில் வாருங்கள், இரண்டு ராத்திரி தங்குங்கள், ஒரு நாளைக்கு இரண்டு கோயிலுக்கு மேல் வேண்டாம்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். போன தடவை எப்போது வந்தீர்கள் என்று போனில் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள், காரணத்தோடுதான் சொல்கிறேன். சாரங்கபாணி கோயிலில் பெருமாள் சந்நிதி தேர் வடிவத்தில் இருக்கும், குதிரையும் யானையும் சக்கரமுமாக. அதற்கு இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல் வழி, ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயண வாசல் வழி. ஆடிப்பெருக்கு சமயத்தில் வந்தவர்கள் இந்தத் தடவை தை பிறந்த பிறகு வந்தால் அதே பெருமாளை வேறு வாசல் வழியாகச் சேவிக்கலாம். தையில் வந்தால் சம்பா முற்றி, கதிர் சாய்ந்து, தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் மஞ்சளாகக் கிடக்கும், அது தனி லாபம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் விடாது. சித்திரை வெயிலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் 2028 மாசியில் மகாமகம், அந்தச் சமயத்தில் நிதானமாகச் சுற்றலாம் என்று கிளம்பி வந்துவிடாதீர்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் டிக்கெட் போடும்போது கவனம். விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகிற கார்டு லைன் ரயில்கள் கும்பகோணம் பக்கமே வராது. சிதம்பரம், மயிலாடுதுறை வழியாக வருகிற மெயின் லைன் ரயில்தான் வேண்டும், அதிலும் முடிந்தால் பகல் ரயில். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் தடதடவென்று வண்டி ஏறும்போது முழித்திருக்க வேண்டாமா? மயிலாடுதுறையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வருகிறவர்களுக்குப் பாசஞ்சர் போதும், ரிசர்வேஷன் எதுவும் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பக்கமிருந்து போனால் குத்தாலம் தாண்டி நரசிங்கம்பேட்டை வரும். ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிற ஊர் அதுதான். பிறகு ஆடுதுறை, நெல் ரகங்களுக்குப் பெயர் போன ஊர், நெல் விதை வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கும்பகோணத்துக்குள் ரயில் தேவையில்லை, நடை போதும். நாகேஸ்வரன் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கருவறையின் வெளிச்சுவரில் நிற்கிற முற்காலச் சோழர் சிற்பங்களைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவை சாமி சிலைகள் மாதிரியே இருக்காது, யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிற மனிதர்கள் மாதிரி இருக்கும். ராமசாமி கோயில் பிராகாரத்துச் சுவர் முழுக்க ராமாயணம் ஓவியமாகப் போகிறது, குழந்தைகள் கூட வந்தால் அங்கே விடுங்கள். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. சின்ன ஓட்டு வீடு, பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம், ஆனால் தெருவைப் பார்த்த ஜன்னலும் பக்கத்துக் கட்டிலும் கொஞ்ச நேரம் நிற்க வைக்கும்.

தாராசுரம் அடுத்த ஸ்டேஷன், ஸ்வாமிமலை அதற்கடுத்தது. இரண்டுக்கும் பாசஞ்சரில் போய் வாருங்கள், 10 ரூபாய்தான் டிக்கெட். ஆனால் ஒன்று: எக்ஸ்பிரஸ் பெரும்பாலும் அங்கே நிற்காது, திரும்புகிற பாசஞ்சர் எத்தனை மணிக்கு என்று கும்பகோணத்திலேயே கேட்டுக்கொண்டு ஏற வேண்டும். நான் ஒரு தடவை கேட்காமல் போய், அத்தையோடு தாராசுரம் பிளாட்பாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "ஏன்டா, பஸ்ல வந்திருந்தா இந்நேரம் சோறு தின்னிருப்போம்ல" என்று அத்தை ஐந்து தடவையாவது சொல்லியிருப்பார். உண்மைதான், பஸ் அடிக்கடி இருக்கிறது. நேரம் இடித்தால் பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

தாராசுரத்தில் நின்று பார்க்க வேண்டியவை பெரிய சிற்பங்கள் இல்லை. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் இது. கருவறைச் சுவரின் அடியில், குனிந்தால்தான் தெரிகிற உயரத்தில், நாயன்மார் கதைகள் ஒரு சாண் அளவுப் பலகைகளாகச் சுற்றி வருகின்றன. குந்திக்கொண்டு ஒவ்வொன்றாக நகருங்கள், பெரிய புராணம் தெரிந்த பாட்டி ஒருவர் கூட இருந்தால் அதிர்ஷ்டம். அப்புறம் ரிஷபகுஞ்சரத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒரே தலை, இரண்டு உடம்பு. யானை உடம்பைக் கையால் மறைத்தால் காளை, காளை உடம்பை மறைத்தால் யானை. தும்பிக்கை எங்கே முடிந்து கொம்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். இசைப்படிகள் கம்பிக்குள் இருக்கின்றன, தட்டிப் பார்க்கிற ஆசையை விட்டுவிடுங்கள்.

ஸ்வாமிமலையில் கோயில் ஸ்டேஷனை ஒட்டி இல்லை, ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். அப்படியே திருவலஞ்சுழியில் நிறுத்தச் சொல்லிக் கல் பலகணியை, அதாவது கல்லில் குடைந்த ஜன்னலை, பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கையும் (கூரையின் வளைந்த கல் விளிம்பு) திருவலஞ்சுழி பலகணியும் நீங்கலாக என்றுதான் எழுதிக் கொடுப்பார்களாம். ஸ்வாமிமலைக் கோயிலுக்கு 60 படி, தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் ஒவ்வொன்று. இறங்கி வந்து ஒரு ஸ்தபதியின் பட்டறையில் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுவார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். வாங்கப் போவதில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கும் நேரம் மிச்சம்.

மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அதைச் சிலர் நஷ்டக் கணக்கில் எழுதுகிறார்கள். இலைச் சாப்பாடு, ரூம், மின்விசிறி, தூக்கம். எழுந்து ஒரு காபி. நெடுஞ்சாலையில் பித்தளை டபராவை அடுக்கி வைத்து விற்கிற கும்பகோணம் டிகிரி காபிக்கும் இந்த ஊருக்கும் பெயரளவில்தான் உறவு, ஊருக்குள் போர்டே இல்லாத கடையில் குடியுங்கள். காலையில் இட்லி கேட்கும்போது "கடப்பா இருக்கா?" என்று கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த குழம்பு அது, எல்லா நாளும் போட மாட்டார்கள், இருக்கிற அன்று இரண்டு இட்லி கூடுதலாகப் போகும்.

ஊருக்கு எடுத்துப் போக வெற்றிலை போதும். கிளம்புகிற அன்று காலையில் வாங்கி, ஈர வாழையிலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள். பகல் ரயிலில் ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள், வீடு போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும்.