ரெகே கேட்கத் தொடங்குவது எப்படி: ஸ்காவிலிருந்து டப் வரை ஒரு செவிப் பயிற்சி

ரெகே என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குச் சடைமுடியும், பச்சை மஞ்சள் சிவப்பு நிறங்களும், பாப் மார்லியின் முகம் அச்சிட்ட பனியனும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. இசை அவற்றுக்குப் பின்னால் எங்கோ நிற்கிறது. நானும் பல ஆண்டுகளுக்கு முன் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் நாலைந்து பாடல்களைக் கேட்டுவிட்டு, எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று முடிவுகட்டி ஒதுக்கியவன்தான். பாடகரின் குரலையும் மெட்டையும் பற்றிக்கொண்டு மேலிருந்து கீழே கேட்டுப் பழகிய காது என்னுடையது; ரெகே உள்ளிட்ட ஜமைக்காவின் இசையோ கீழிருந்து மேலே கட்டப்பட்டது. தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டாரை முதலில் பிடித்து, அடி விழாமல் விடப்பட்ட இடங்களைக் கவனித்து, கடைசியில் குரலுக்கு வந்து சேர்ந்தால் இந்த இசை திறந்துகொள்கிறது. அந்த வரிசையில் கேட்பதற்கான பயிற்சியை, முன்பழக்கம் ஏதுமில்லாதவர்களுக்காக, இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் ஒலிபெருக்கி

கைப்பேசியின் ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளை ஏறக்குறைய விழுங்கிவிடும். ரெகேயில் பாதி இசை அங்கேதான் இருக்கிறது. ஆகவே நல்ல ஹெட்போனோ, பேஸ் ஒலியைத் தெளிவாகத் தரும் ஒலிபெருக்கியோ வேண்டும். விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை; பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுந்தால் போதும்.

இதை முதல் படியாக வைப்பதற்கு வரலாற்றிலேயே காரணம் உண்டு. 1950களில் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழை மக்களுக்கு நடனக் கூடங்களின் வாத்தியக் குழுக்கள் எட்டாதவையாக இருந்தன. அவர்களுக்காகத் திறந்த வெளிகளிலும் முற்றங்களிலும் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை நிறுத்தி, அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளைப் போட்டு நடனம் நடத்தியவையே சவுண்ட் சிஸ்டம் என்னும் அமைப்புகள். காக்ஸன் டாட், டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர் ஆகியோர் இவற்றை நடத்திய பெரும் போட்டியாளர்கள். எந்தப் பாட்டைப் போடுகிறோம் என்று எதிராளி அறிந்துவிடக் கூடாது என்பதற்காக இசைத்தட்டின் நடுவிலுள்ள பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடும் வழக்கம்கூட அப்போது இருந்தது. பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சுவை ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பி, இவர்களுக்குப் பிடித்த வகைப் பாடல்களின் வரத்துக் குறைந்தபோது, உள்ளூர்க் கலைஞர்களைக் கொண்டு தாங்களே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதாவது, அந்த ஊரில் ஒலிபெருக்கி முதலில் வந்தது. ஒலிப்பதிவுக் கூடம் அதற்குத் தீனி போடவே பிறந்தது.

படி 2: அரை இடத்தைப் பிடித்தல்

இப்போது ஸ்காவில் தொடங்கலாம். ஜமைக்கா 1962 ஆகஸ்ட் 6 அன்று விடுதலை பெற்ற காலத்தின் துள்ளல் இசை இது. பாப் மார்லி இடம்பெற்ற வெய்லர்ஸ் குழுவின் முதல் பெரிய வெற்றியான ‘சிம்மர் டவுன்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பாடியபோது மார்லி பதின்வயதைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

காலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டுங்கள். வாயால் அந்த எண்களுக்கு நடுவே ‘அரை’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்: ஒன்று-அரை-இரண்டு-அரை-மூன்று-அரை-நான்கு-அரை. கிட்டாரும் பியானோவும் ‘சக்’, ‘சக்’ என்று வெட்டி ஒலிப்பது நீங்கள் ‘அரை’ என்று சொல்லும் இடத்தில்தான் என்பது சில நொடிகளில் புலப்படும். கர்நாடக இசைக் கச்சேரியில் தாளம் போட்டுக் கேட்பவர்களுக்கு அரை இடத்தில் எடுப்பு அமைந்த கீர்த்தனைகள் பழக்கமானவையே. இங்கே அந்த அரை இடம் எடுப்போடு நின்றுவிடாமல் பாடல் முழுவதும் விடாமல் வலியுறுத்தப்படுகிறது. இந்த வெட்டுக்கு ‘ஸ்கேங்க்’ என்று பெயர். கால் எண்ணிலும் கைத்தட்டு அரையிலும் விழும்படி ஒரு பாடல் முழுவதும் தாக்குப்பிடிக்க முடிந்தால் இந்தப் படி முடிந்தது. முதல் நாளில் கை தானாகக் காலோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். பொறுமையாக மீண்டும் தொடங்குங்கள்.

அந்தப் பாடலுக்கு வாசித்தவர்கள் 1964இல் ஸ்கடலைட்ஸ் என்ற பெயரில் ஒன்றுகூடிய கலைஞர்கள். ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே நீடித்த அந்தக் குழு விட்டுச்சென்ற பதிவுகளைக் கேட்காமல் ஸ்காவைக் கேட்டதாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. ஊதுகருவிக் கலைஞர்களில் டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங், டான் டிரம்மண்ட் ஆகிய நால்வரும் கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா ஆண்கள் பள்ளியில் வளர்ந்தவர்கள். வறிய சிறுவர்களுக்கான அப்பள்ளியில் பேண்டு வாத்தியப் பயிற்சி கண்டிப்பாக நடந்தது. ஜாஸ் இசையின் நுணுக்கத்தை அவர்கள் நடனக் கூடத்துக்குக் கொண்டுவந்தது அந்த அடித்தளத்தின் மீது நின்றுதான். டிரம்மண்டின் ட்ராம்போனைத் தனியே கவனியுங்கள். சுற்றிலும் எல்லாம் துள்ளிக்கொண்டிருக்க, அந்த ஒரு கருவி மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல மெல்லப் பேசும். மனநோயால் அலைக்கழிக்கப்பட்ட அவர் 1969இல் மனநல மருத்துவமனையில் இறந்தார். வாழ்க்கைக் கதையை இசையின் மேல் ஏற்றிக் கேட்பது எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் அந்தத் தொனி எந்தக் கதையும் தெரியாதவரையும் தொட்டுவிடுகிறது.

படி 3: வேகம் குறைகிறது, பேஸ் பேசுகிறது

1966 வாக்கில் ஸ்காவின் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி பிறந்தது. அந்த ஆண்டின் கோடை வெயில் தாங்காமல் ஆடுபவர்கள் மெதுவாக ஆடத் தொடங்கியதே காரணம் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. வெயிலுக்குப் பழகாத ஊரா கிங்ஸ்டன் என்ற கேள்விதான் எழுகிறது.

இங்கே செய்ய வேண்டியது ஒன்றே. ஸ்காவில் பேஸ் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு சுரமாக நடைபோட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, ஆல்டன் எல்லிஸ் அல்லது ஹெப்டோன்ஸ் குழுவின் பாடல் ஒன்றைக் கேளுங்கள். பேஸ் இப்போது நாலைந்து சுரங்களைச் சொல்லி, நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடியும் சொல்லும். அந்தத் தொடரை வாய்விட்டு முணுமுணுக்க முடியும்வரை பாடலைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். ஹெப்டோன்ஸின் முதன்மைப் பாடகர் லீராய் சிபிள்ஸ் பேஸ் கலைஞருமாவார். பாடகரே பேஸின் வழியாகச் சிந்தித்த காலம் அது.

படி 4: விடப்பட்ட அடி

ரெகே என்ற பெயர், டூட்ஸ் அண்ட் த மேடல்ஸ் 1968இல் வெளியிட்ட பாடலின் தலைப்பில் இடம்பெற்றுப் பரவியது. இதன் தாள அமைப்பைப் புரிந்துகொள்வதற்கு மார்லியின் ‘ஒன் டிராப்’ என்ற 1979ஆம் ஆண்டுப் பாடலைவிட வசதியான பாடம் இல்லை; தலைப்பே தாளத்தின் பெயர்தான்.

பழையபடி, ஸ்கேங்க் அரை இடத்தில் விழுமாறு நிதானமாக எண்ணுங்கள். வழக்கமான மேற்கத்திய ராக் இசையில் ஒன்று என்னும் இடத்தில் பெரிய டிரம் ‘தொம்’ என்று விழும். இங்கே ஒன்றில் அந்த அடி இல்லை. இரண்டு வரும்போது, கால்மிதியால் அடிக்கும் பெரிய டிரம்மும், ஸ்னேர் டிரம்மின் விளிம்பில் குச்சி தட்டும் ‘டக்’ ஒலியும் சேர்ந்து விழுகின்றன. மூன்று மீண்டும் வெறுமை. நான்கில் மீண்டும் அடி. மாடியேறும்போது இருக்கும் என்று நினைத்துக் காலை வைத்த படி இல்லாமல் போனால் உடல் ஒரு கணம் மிதக்குமல்லவா, அந்த மிதப்பை இந்தத் தாளம் விடாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வெய்லர்ஸின் டிரம்ஸ் கலைஞர் கார்ல்டன் பேரட் இதில் தனி முத்திரை பதித்தவர். பேஸ் வாசித்தவர் அவருடைய அண்ணன் ஆஸ்டன் பேரட். (சில நூல்களில் அந்த அடி மூன்றாம் எண்ணிக்கையில் விழுவதாகப் படித்தால் குழம்ப வேண்டாம். அவர்கள் இரட்டை வேகத்தில் எண்ணுகிறார்கள், தாளம் அதேதான்.)

அடுத்ததாக ஆர்கனைத் தேடுங்கள். ஸ்கேங்கின் வெட்டுகளுக்கு இடையே உலை கொதிப்பதுபோலக் குமிழியிட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய ஒலி அதுதான். பலருக்கு இது பத்தாவது முறை கேட்கும்போதுதான் காதில் விழும். விழுந்த பிறகு மறையாது. எல்லா ரெகேயும் ஒன் டிராப் அன்று என்பதையும் அறிய, மார்லியின் 1977ஆம் ஆண்டு ‘எக்ஸோடஸ்’ பாடலைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். நான்கு எண்ணிக்கையிலும் பெரிய டிரம் விழும் அந்த அணிவகுப்பு நடையை ஸ்டெப்பர்ஸ் என்பார்கள்.

படி 5: ஒரே தாளக்கட்டு, பல பாடல்கள்

சில மாதங்கள் கேட்டபின், வேறு பாடகர், வேறு சொற்கள், ஆனால் பேஸும் டிரம்ஸும் அப்படியே என்று ஒரு பாடல் உங்களைத் திகைக்க வைக்கும். அது திருட்டன்று. பேஸும் டிரம்ஸும் சேர்ந்த அடித்தளத்துக்கு ‘ரிடிம்’ என்று பெயர்; அது பொதுச்சொத்துபோல ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். 1967இல் ஸ்டூடியோ ஒன் கூடத்தில் பதிவான ‘ரியல் ராக்’ ரிடிமின் மேல் இன்றுவரை நூற்றுக்கணக்கான பாடல்கள் எழுந்திருக்கின்றன.

இதிலிருந்து கிளைத்ததே டப். இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரல் நீக்கிய ‘வெர்ஷன்’ ஒன்றை இடும் வழக்கம் 1960களின் கடைசியில் வேரூன்றியது. வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் பழுதுபார்த்து வந்த கிங் டப்பி, தம் வீட்டில் அமைத்த சிறு கூடத்தில் அந்த வெர்ஷனைப் பிரித்து மேயத் தொடங்கினார். கலவைப் பலகையே அவருடைய வாத்தியம். கிட்டாரை ஒரு வெட்டோடு நிறுத்தி எதிரொலிக்குள் தள்ளுவார். பேஸை மட்டும் தனியே நடக்க விடுவார். பாடகரின் ஒரு சொல் எழுந்து பாதியில் கரைந்துவிடும்.

ஜேக்கப் மில்லர் பாடிய ‘பேபி ஐ லவ் யூ ஸோ’ பாடலை இருமுறை கேட்டுவிட்டு, உடனே அதன் மறுபக்கமான ‘கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ பதிவைப் போடுங்கள். அகஸ்டஸ் பாப்லோவின் தயாரிப்பில் உருவான இந்த இணையில், மறுபக்கம்தான் முன்பக்கத்தைவிடப் புகழ்பெற்றது. எந்தக் கருவி எப்போது நீக்கப்படுகிறது, எப்போது திரும்புகிறது என்று தாளில் குறித்துக்கொண்டே கேட்பது நல்ல பயிற்சி. இதுவரையிலான படிகளைத் தாண்டியவருக்கு டப் தலைவலியாக இராது. நேரே இங்கு வருபவருக்குப் பழுதான ஒலிப்பதிவாகத் தோன்ற வாய்ப்புண்டு.

படி 6: சொற்கள்

சொற்களைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அவை ஜமைக்கப் பேச்சுவழக்கில் இருப்பதால் ஆங்கிலம் நன்கறிந்தவரும் தடுமாறுவார் என்பதே. ஆனால் விவிலியத் தமிழ் அறிந்தவருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியைத் தெய்வமாகப் போற்றும் ராஸ்தாஃபரி நெறியினர், ஒடுக்கும் உலக அமைப்பைப் பாபிலோன் என்றும், தம் மூதாதையர் பறித்துவரப்பட்ட ஆப்பிரிக்கத் தாயகத்தைச் சீயோன் என்றும் சொல்வார்கள். மெலோடியன்ஸ் குழு 1970இல் பாடிய ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ விவிலியத்தின் 137ஆம் சங்கீதத்தின் அடிகளிலிருந்து எழுந்தது. போனி எம் குழுவின் 1978ஆம் ஆண்டுப் பதிவை மட்டும் அறிந்தவர்கள் மூலத்தைக் கேட்டால், கொண்டாட்டமாகத் தெரிந்தது புலம்பலாக மாறுவதை உணரலாம்.

படி 7: கோவென்ட்ரிக்கு ஒரு நடை

ஜமைக்கர்கள் குடியேறிய இங்கிலாந்தில் ஸ்கா மீண்டும் தலையெடுத்தது. 1979இல் கோவென்ட்ரி நகரத்தில் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய டூ டோன் நிறுவனமும், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த அவருடைய ஸ்பெஷல்ஸ் குழுவும் பங்க் இசையின் பரபரப்பை அதில் கலந்தன. 1981இல் வேலையின்மையும் கலவரமும் நகரங்களை உலுக்கியபோது அவர்களின் ‘கோஸ்ட் டவுன்’ அந்நாட்டில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாடலில் வரும் ட்ராம்போனை நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். வாசிப்பவர் ரிக்கோ ரோட்ரிகஸ். ஆல்ஃபா பள்ளியின் மாணவர், அங்கே டான் டிரம்மண்டிடம் ட்ராம்போன் கற்றவர்.