பிச்சாவரத்தில் துடுப்பு, கோடியக்கரையில் நடை: முதன்முறை செல்வோருக்கான வழிமுறை

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், கடலோர மணல்திட்டு அலைகளைத் தடுத்துவிடுவதால் கால்வாய்கள் அமைதியாக இருக்கும். கயாக் எனும் குறுகிய துடுப்புப் படகை ஓட்டப் பழகுவோருக்கு இதுவே ஏற்ற இடம் என்பது என் கருத்து.

முதலில் நாளைக் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், சனவரி இறுதியில் வரும் சனி, ஞாயிறு நல்லது. கயாக் கிடைக்குமா என்று படகுத் துறையில் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தைக் காட்டும் ஓத அட்டவணையைப் பாருங்கள். கடல் ஏற ஏறத்தாழ ஆறு மணி நேரமும் வற்ற ஆறு மணி நேரமும் ஆகும். அந்த வேளை நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இங்கே ஏற்ற இறக்கம் பெரிதல்ல என்றாலும், கிளைக் கால்வாய்கள் பலவற்றில் முழங்கால் அளவு நீரே இருப்பதால், வற்றும் வேளையில் உள்ளே போகிறவர் சேற்றில் தட்டி நின்றுவிடக்கூடும். ஆகவே நீர் ஏறும்போது புறப்பட்டு, வற்றத் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டி, முழங்காலைச் சற்றே மடக்கி நிமிர்ந்து அமருங்கள். துடுப்பைப் பாதத்தருகே அமிழ்த்தி, இடுப்பருகே வந்ததும் எடுத்துவிட வேண்டும். கையால் மட்டும் வலித்தால் தோள் விரைவில் சோர்ந்துவிடும். உடலைத் திருப்பி வலியுங்கள். வலப்பக்கம் திரும்ப, இடப்பக்கத்தில் துடுப்பை அகலமாக வளைத்து வலித்தால் போதும். தரை தட்டினால் சேற்றில் இறங்காமல், அமர்ந்தபடியே துடுப்பால் பின்னோக்கி உந்துங்கள்.

சுரபுன்னையின் தாங்குவேர்களைக் கையால் பற்றாதீர்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் தோலைக் கிழித்துவிடும். தில்லை மரக் கிளையை ஒடிக்கவே கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.

சனிக்கிழமை மாலையே நாகப்பட்டினம் வழியாக, கோடியக்கரைக்கு அருகிலுள்ள வேதாரண்யம் சென்று தங்கிவிடுங்கள். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் பிச்சாவரம் 2022-இல்தான் சேர்ந்தது. கோடியக்கரைக்கு அந்தத் தகுதி 2002-லேயே கிடைத்துவிட்டது. ஞாயிறு விடியலில் கோடியக்கரைக்குப் போய், வனத்துறையிடம் அனுமதி பெற்று, கணுக்காலை மூடும் காலணியோடும் ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீரோடும் நடக்கத் தொடங்குங்கள். புல்வெளியில் வெளிமான்களைக் காணலாம். உப்புப் பூத்த வெண்ணிறத் தரை கெட்டியாகத் தோன்றினாலும் அதன் அடியில் சேறு இருக்கக்கூடும். தடத்தை விட்டு விலகாதீர்கள்.

பூநாரைக் கூட்டத்தைக் கண்டால் தொலைநோக்கியால் பாருங்கள். மேய்ந்துகொண்டிருந்தவை தலையை நிமிர்த்தி நடக்கத் தொடங்கினால், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று, ஓசையின்றிப் பின்வாங்குங்கள்.